பதற்றமும் ஒரு துளி எண்ணெயும்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியனை நாடிப் புதுச்சேரிப் பெற்றோர் சிலர் இன்றும் வருவதுண்டு. அவர்களுள் இருவர் அண்மையில் என்னிடம் ஒரே வினாவை எழுப்பினர்: "ஐயா, மதியிறுக்கம் உடைய எங்கள் பிள்ளையின் பதற்றம் தணியக் கஞ்சாச் செடியின் எண்ணெய் நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா?" நான் மருத்துவன் அல்லேன். ஆயினும், கஞ்சா என்ற சொல்லுக்கு முகஞ்சுளித்து அவர்களை அனுப்பிவிட மனம் இடங்கொடுக்கவில்லை. படித்துப் பார்த்தேன்.

அச்செடியிலுள்ள பொருள்கள் பலவற்றுள் இரண்டை அறிதல் போதும். போதை தருவது டி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. பெற்றோர் கேட்டது பின்னதையே.

ஐரோப்பிய மருத்துவம் இச்செடியின் பயனைக் கற்றது நம் நாட்டில்தான் என்பதை அறிவீர்களா? கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷானசி, வலிப்பால் துடித்த நாற்பது நாள் குழந்தைக்குச் சாராயத்தில் கரைத்த கஞ்சாப் பிசினைத் துளித்துளியாகக் கொடுத்த செய்தியை 1839-இல் எழுதினார். குழந்தை பிழைத்தது. 2018-இல் அமெரிக்க அரசு எபிடியோலெக்ஸ் என்னும் சி.பி.டி. மருந்துக்கு இசைவளித்தது. அதுவும் கடுமையான வலிப்பு நோய்களுக்கே, மதியிறுக்கத்திற்கன்று. வலிப்பை அடக்கும் மருந்து பதற்றத்தையும் அடக்கும் என்று நாமாக முடிவு கட்டுதல் தகாது.

இஸ்ரேல் நாட்டில் மதியிறுக்கம் உடைய 150 சிறுவர், இளைஞரிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியாயிற்று. சி.பி.டி. மிகுந்த செடிச்சாற்றைப் பெற்றோருள் நூற்றுக்கு 49 பேரின் கட்டுக்கடங்கா நடத்தை நன்கு தணிந்தது. மருந்தே இல்லாத போலி எண்ணெயைப் பெற்றோருள்ளும் 21 பேருக்குத் தணிந்தது! பெற்றோரின் நம்பிக்கைக்கு எத்துணை வலிமை, பாருங்கள். வேறோர் அளவுகோலிலோ வேறுபாடே தென்படவில்லை. நம்பிக்கைக்கு இடமுண்டு, உறுதிக்கு இன்னும் இடமில்லை.

தீங்கும் இல்லாமல் இல்லை. சி.பி.டி. தூக்கத்தை மிகுவிக்கலாம், பசியைக் குறைக்கலாம், கல்லீரலை வருத்தலாம். வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரலுக்கு இடர் மிகும். மதியிறுக்கம் உடைய பிள்ளைகள் பலருக்கு வலிப்பும் உண்டு என்பதை மறத்தல் கூடாது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. தனி இலையைக் கஞ்சா என்ற வரையறையில் சேர்க்கவில்லை. இலையிலும் டி.எச்.சி. உண்டு. ஆதலின், "உண்ணும் மருந்துகளின் சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் கோரிமேட்டு ஜிப்மருக்குச் செல்லுங்கள், விளம்பரம் பார்த்து எண்ணெய் வாங்காதீர்கள்" என்றேன்.

பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானே சொன்னேன். திடீரென அலறும் மணி, முன்னறிவிப்பின்றி மாறும் பாடவேளை, உணவு நேரத்து இரைச்சல் ஆகியவை அப்பிள்ளைகளை வாட்டும். வளர்ந்தவர்களுக்கும் அலுவலகத்தில் இதே தொல்லைதான்; வாய்விட்டுச் சொல்ல வல்லவர்களையும் நாம் கேட்பதில்லை.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், மணியொலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒடுங்கும் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனருகில் அமர்ந்த மாணவன் நாள்தோறும் மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரல்களையும் விரிப்பான். சிறுவன் காதைப் பொத்திக்கொள்வான். மணி அடித்து ஓயும். மேசைக்கடியில் போகாமல் அடுத்த புத்தகத்தை எடுப்பான். இந்த ஏற்பாட்டை அவ்விருவருக்கும் நாங்கள் எவரும் கற்பிக்கவில்லை.