பன்னிரண்டு ரசீது

(போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



இண்டைக்கு என்ர உடம்பைப் பற்றியும் இங்கிலாந்தில இருக்கிற இரண்டு விதிகளைப் பற்றியும் பேசப் போறன். நானும் என்ர துணைவியும் ஒன்றரை வருஷமா ஒரு பிள்ளைக்கு முயற்சி செய்யிறம். எனக்கு பிசிஓஎஸ். அவளுக்கு விசா. இது இரண்டும் ஏன் ஒரே கதைக்குள்ள வருது எண்டு சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷம்.

முதலில் பிசிஓஎஸ். எங்கட ஆக்கள் இதை "நீர்க்கட்டி" எண்டு சொல்லுவினம். அந்தச் சொல் பிழையான படத்தைத் தருது. சூலகத்தில் இருப்பது கட்டியில்லை, வளரத் தொடங்கி இடையில் நிண்டுபோன முட்டைப்பைகள். முட்டை ஒழுங்கா வெளிவராது. எனக்கு பீரியட்ஸ் 40 நாளுக்கு ஒருக்கா வரும், சிலவேளை 70 நாளும் ஆகும். உலகத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அளவில் இது இருக்கு, அதில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது. 2002இல் வந்த ஒரு ஆய்வு, லீட்ஸில் தெற்காசியப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட இளவயதிலேயே, கடுமையான அறிகுறிகளோட இது வருது எண்டு காட்டியது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜேரத்ன.

"கலியாணம் கட்டினா எல்லாம் சரிவரும்" எண்டு அம்மம்மா சொன்னவா. கட்டினன். சரிவரேல்லை.

ஆனா மருந்து இருக்கு. லெட்ரோசோல் எண்ட மாத்திரை மார்புப் புற்றுநோய்க்காக வந்தது. 2014இல் அமெரிக்காவில், பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களோட செய்த பரிசோதனையின் முடிவு வந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 வீதமானவர்களுக்குப் பிள்ளை பிறந்தது, பழைய மருந்தான க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 வீதம். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் முட்டை வரச்செய்ய முதலில் லெட்ரோசோல்தான் எண்டு சொல்லுது. அப்ப என்ர பிரச்சினைக்குப் பெயரும் இருக்கு, வைத்தியமும் இருக்கு.

இனி விதிக்கு வருவம். என்எச்எஸ்ஸில் ஐவிஎஃப் ஆருக்குக் கிடைக்கும் எண்டு நைஸ் நிறுவனத்தின் 2013 வழிகாட்டி சொல்லுது. 40 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண், ஒரு ஆணோட இரண்டு வருஷம் பாதுகாப்பில்லாத உடலுறவு வைத்தும் கருத்தரிக்கவில்லை எண்டால் தகுதி. அப்படி முயற்சி செய்ய முடியாதவர்கள் 12 தடவை விந்தணு செலுத்திப் பார்க்க வேணும், அதில் குறைந்தது ஆறு தடவை கருப்பைக்குள் நேராகச் செலுத்துற ஐயுஐ ஆக இருக்க வேணும்.

ஆணும் பெண்ணும் போய் "இரண்டு வருஷம் முயற்சி செய்தம்" எண்டு சொன்னால் காணும். படுக்கையறைக்கு ஒருத்தரும் ரசீது கேட்கிறேல்லை. எங்களிட்ட கேட்கினம். கொடையாளரின் விந்தணுவோட தனியார் கிளினிக்கில் ஒரு ஐயுஐ ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கோ.

இதில் பிசிஓஎஸ் வந்து சேர்ந்தால்? முட்டை வராத மாதத்தில் விந்தணு செலுத்திப் பிரயோசனமில்லை. அப்ப எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது. கடையில வாங்கிற ஓவியுலேஷன் கிட்டையும் நம்பேலாது. பிசிஓஎஸ்ஸில் எல்எச் ஹோர்மோன் சும்மாவே கூட இருக்கலாம், கிட் பொய்யா "இண்டைக்குத்தான்" எண்டு காட்டும். ஆணோட இருக்கிற பெண்ணுக்கு அதால ஒரு இரவுதான் வீண். எங்களுக்கு ஒரு குப்பி விந்தணு போச்சு.

என்ர மச்சாளுக்கும் இதே நோய். அவாக்கு ஆஸ்பத்திரியில மாத்திரையும் ஸ்கானும் காசில்லாமல் கிடைச்சுது, மிச்சம் வீட்டில நடந்தது. என்னிட்ட ஒரு ஆஸ்பத்திரி சொன்னது: "மாத்திரை தரலாம், விந்தணு எங்கட பொறுப்பில்லை." தனியார் கிளினிக் சொன்னது: "மாத்திரை, ஸ்கான், விந்தணு எல்லாம் எங்கட பக்கேஜுக்குள்ள எடுக்க வேணும்." ஒரே நோய், ஒரே குடும்பம்.

"அப்ப உங்கட துணைவி சுமக்கலாமே, அவாக்கு ஒழுங்கா வருது தானே?" எண்டு கேட்பீங்கள். அவள் சென்னையில இருந்து வேலை விசாவில வந்தவள். வருஷத்துக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம், அதுக்கு மேல எல்லாரையும் போல வரி. ஆனா 2017 ஆகஸ்டில் இருந்து இங்கிலாந்தில் அந்தக் கட்டணத்துக்குள் செயற்கைக் கருத்தரிப்பு அடங்காது. எனக்கு உரிமை இருக்கு, உடம்பு ஒத்துழைக்குதில்லை. அவளுக்கு உடம்பு சரி, உரிமை இல்லை.

அன்பா சொல்லப்படுகிற யோசனைகளும் உண்டு. "இந்தியாவில போய்ச் செய்யுங்கோ, மலிவு." இந்தியாவின் 2021 ஏஆர்டி சட்டம் கலியாணம் கட்டின ஆண்-பெண் தம்பதியையும் தனிப் பெண்ணையும் மட்டும்தான் ஏற்குது, இரண்டு பெண்கள் தம்பதி எண்டு அதில் இல்லை. "தெரிஞ்ச பெடியன் ஒருத்தனைக் கேளுங்கோவன்." கலியாணமோ சிவில் பார்ட்னர்ஷிப்போ இல்லாத இரண்டு பெண்கள் இங்க வீட்டில அப்படிச் செய்தால், சட்டப்படி அந்தப் பெடியன்தான் தகப்பன். மற்றத் தாய் ஆருமில்லை. எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனா என்ர முட்டை அப்பவும் வராது.

ஒரு தோழர் முந்தி கேட்டவர், என்எச்எஸ் தடுமாறுற நேரத்தில் இது இடதுசாரிகளின் கோரிக்கையா எண்டு. நியாயமான கேள்வி. என்ர பதில்: இந்த விதி தேவை கூடினவர்களைத் தெரிவு செய்யுதில்லை, பன்னிரண்டு ரசீது வாங்க வசதி உள்ளவர்களைத் தெரிவு செய்யுது. 1994இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் "இனப்பெருக்க நீதி" எண்டு பெயர் வைச்சபோது, பிள்ளை வேண்டாம் எண்ட உரிமையோட பிள்ளை பெறும் உரிமையையும், பெற்றதைப் பாதுகாப்பா வளர்க்கும் உரிமையையும் சேர்த்தே கேட்டவை.

விதிகள் மாறாதவை இல்லை. 1990 சட்டம் "பிள்ளைக்குத் தகப்பன் தேவை" என்பதைக் கிளினிக்குகள் கணக்கிலெடுக்கச் சொன்னது. 2008 சட்டம் அதை எடுத்துவிட்டது. 2021இல் மேகன், விட்னி பேகன்-எவன்ஸ் தம்பதி இந்த ரசீது முறைக்கு எதிரா வழக்குக்குப் போச்சினம். 2022இல் பெண்கள் சுகாதாரத் திட்டத்தில் அரசாங்கம் இந்தத் தடையை நீக்குவதாக வாக்குக் கொடுத்தது. ஆனா காசை முடிவு செய்வது உள்ளூர் ஐசிபிகள். அதனால ஆற்ற தபால் குறியீடு என்ன என்பதில விஷயம் தங்கியிருக்கு.

குயர் அமைப்புகள் பன்னிரண்டு தடவையைப் பற்றிக் கதைக்கினம், குடியேறியோர் அமைப்புகள் சுகாதாரக் கட்டணத்தைப் பற்றிக் கதைக்கினம். எங்கட வீட்டில இரண்டு கடிதமும் ஒரே மேசையில கிடக்கு. முதலாவதை மட்டும் வென்றால் இரண்டு பேரும் குடியுரிமை உள்ள தம்பதிகளுக்குத்தான் முழுசா விடியும். ஆகவே கூட்டமைப்பு இரண்டையும் ஒரே கோரிக்கையா எழுத வேணும் எண்டு கேட்கிறன்.

அதுக்கு முதல் ஒரு சின்ன வேலை. உங்கட ஐசிபியின் கருத்தரிப்புக் கொள்கை இணையத்தில கிடக்கும். ஒரே பாலினத் தம்பதிக்கு எத்தனை தடவை கேட்கினம், முட்டை வராதவர்களுக்கு என்ன சொல்லினம், விசாவைப் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு மூன்று வரி எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்கோ. பீரியட்ஸ் ஒழுங்கில்லாத தங்கச்சிமார் இருந்தால், ஜிபியிட்டப் போகச் சொல்லுங்கோ. துணைக்கு ஆள் வேணுமெண்டால் நான் கூட வாறன்.