ஆழ்கடலில் ஒரு சொல்



நீர்மூழ்கிக் கப்பல்களைக் காட்டும் அதிரடித் திரைப்படங்களில் 'பிங்' என்னும் ஒலி ஓயாது கேட்கிறது. அது சோனார் கருவி நீருக்குள் அனுப்பும் ஒலித்துடிப்பு. எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளப்பர். ஆனால் ஒலித்தவன் இருக்குமிடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே மெய்யான கடலில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை, செவிசாய்த்தே காத்திருப்பர்.

இதனை உணர்ந்த படம், 1990இல் வெளிவந்த 'தி ஹண்ட் ஃபார் ரெட் அக்டோபர்'. அமெரிக்கரிடம் அடைக்கலம் நாடிவரும் சோவியத் கப்பல் தலைவன் ராமியஸுக்கு, அமெரிக்கக் கப்பல் விளக்கொளியால் செய்தி அனுப்புகிறது. அவனோ தொலைவை அளப்பதாகச் சொல்லி, ஒரே ஒரு பிங் ஒலிக்கப் பணிக்கிறான். மாலுமிகளுக்கு அது அளவை. எதிர்க்கப்பலுக்கு அதுவே 'ஆம்' என்னும் விடை.

விலை கொடுத்து ஒலிப்பதனாலேயே அவ்வொலி சொல்லாகிறது. கவிதைக்கும் அஃதே.