பாவும் ஊடையும்



சென்ற மாதம் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு வழக்கை என்னிடம் கொண்டுவந்தனர். பத்திரிகையில் ஒரு மோட்டார் வண்டியின் படம் வந்திருந்தது. அதனைச் செய்தது சுசுக்கி நிறுவனம் என்றான் ஒருவன்; ரொயோட்டா என்றான் மற்றவன். இருவர் கூற்றும் மெய்யே என்று யான் தீர்ப்புக் கூறியபோது, இருவருமே அதனை விரும்பவில்லை.

அவ்வண்டி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்தது. அதனை உருவாக்கியது சுசுக்கி. அது கட்டப்படுவதோ பெங்களூருக்கு அண்மையில் பிடதி என்னும் ஊரிலுள்ள ரொயோட்டா தொழிற்சாலையில். சுசுக்கியின் பெயரில் அது கிராண்ட் விட்டாரா. ரொயோட்டாவின் பெயரில் அர்பன் குரூசர் ஹைரைடர். அவற்றுள் பெற்றோலாலும், வேண்டியபோது மின்சாரத்தால் மட்டுமேயும் ஓடவல்ல வகை ரொயோட்டாவின் நுட்பம். நான்கு சில்லுகளுக்கும் வலுவூட்டும் வகை சுசுக்கியின் நுட்பம்.

நான்கு சில்லு வலு என்பது யாது? இக்காலத்துச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்சில்லுகள் மட்டுமே வண்டியை இழுக்கும். நமது மணற்காட்டு மணலில் அவை புதைந்து வீணே சுழலுமாயின், வண்டி நின்றுவிடும். இவ்வகை வண்டியிலோ, முன்சில்லுகள் வழுக்குவதை உணர்ந்த மாத்திரத்தே பின்சில்லுகளுக்கும் வலு பகிர்ந்தளிக்கப்படுகின்றது. ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்குகின்றது.

இவ்விரு நிறுவனங்களின் தோற்றத்தையும் ஆராய்ந்தால் ஒரு வியப்புண்டு. சுசுக்கி 1909இல் நெசவுத் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கிற்று. ரொயோட்டாவும் 1926இல் நிறுவப்பெற்ற தறித் தொழிற்சாலையிலிருந்தே கிளைத்தது. பாவு தனித்து ஆடையாகாது. ஊடையும் தனித்து ஆடையாகாது. இதனைத் தறி செய்தோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், அவர்கள் கூடித் தொழில் செய்ய உடன்பட்டது 2017இலேதான்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கும் இது புதிதன்று. நம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்டினும் மொறிஸும் இங்கிலாந்தில் ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களின் வண்டிகள். 1952இல் அந்நிறுவனங்கள் இணைந்தன. அதன்பின் வந்த மொறிஸ் மைனரின் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒஸ்டின் எஞ்சின்! எரிபொருளுக்குத் தடை இருந்த 1990களில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய நம் தொழிலாளர், மூடியின் மேலிருந்த பெயரையா பார்த்தனர்? எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பதையன்றோ பார்த்தனர்!

கூடித் தொழில் செய்வதால் போட்டி ஒழிந்துவிடும் என்று யான் சொல்லவில்லை. சுசுக்கியும் ரொயோட்டாவும் ஒரே சந்தையில், ஒரே வகை வண்டியைத் தத்தம் பெயரில் விற்கின்றன. வாங்குவோரைக் கவர்வதில் போட்டி, ஆக்குவதில் கூட்டு. இரண்டும் ஒருங்கே இயலும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

ஏன் இதனைக் கூறுகின்றேன்? வழக்குக் கொண்டுவந்த அவ்விரு மாணவரும் ஒரே வாங்கில் அமர்பவர்கள். அன்று பிற்பகல் அவ்வகுப்பைக் கடந்து சென்றேன். ஒருவன் கணக்கைச் செய்துகொண்டிருந்தான். மற்றவன் பார்த்துவிடாதபடி இடக்கையால் கொப்பியை மறைத்திருந்தான். பல்கலைக்கழக இடங்கள் சில, நாடுவோர் பலர். அவன் அச்சத்தை யான் அறிவேன். அதனை அவனுக்கு ஊட்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமே. பரீட்சை மண்டபத்தில் அவர்கள் தனித்தனியே எழுதட்டும்; அதற்கு முந்திய நாள் வரை சேர்ந்து படிக்கலாமே!

மறுநாள் இருவரையும் அழைத்து, ஒரே கணக்கை ஒரே தாளில் செய்துவருமாறு பணித்தேன். கொண்டுவந்தனர். விடை சரியாகவே இருந்தது. தாளின் தலைப்பில் எவர் பெயரை முதலில் எழுதுவது என்பதில் மட்டும் இன்னும் வழக்குத் தீரவில்லை.