காற்றறிந்து நங்கூரம் இடுதல்

கொத்மலை ஓயாவின் நீர் மகாவலியோடு கலந்து, 335 கிலோமீட்டர் நீளமுடைய அப்பேராற்றின் வழியே சென்று, திருகோணமலைக்கு அருகேயுள்ள கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றது. பள்ளி விடுமுறை வந்ததும் மலையகத்துக் குடும்பங்கள் பலவும் அந்நீரைப் போலவே கடலை நாடிச் செல்கின்றன. கடலைக் கண்டவருக்குக் கரையில் நிற்பதோடு மனம் அமைவதில்லை. ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, ஒரு தீவுக்கேனும் சென்று வர வேண்டும் என்னும் ஆவல் எழுகின்றது. அவ்வாவல் நல்லதே. ஆயின், எந்தக் கடலுக்கு எந்த மாதத்தில் செல்வது என்பதை அறியாமல் படகேறுதல் நல்லதன்று.

இவ்வறிவு மலையகத்தாருக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகின்றது. யாழ்ப்பாணத்து மாலுமிகள் அதனைச் சோழகம் என்பர். அக்காற்று மேற்குச் சரிவில் மோதி, வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் இடைவிடாது மழையைக் கொட்டுகின்றது. மலையைக் கடந்து ஊவாவை அடையும்போது அது ஈரம் நீங்கிய வறண்ட காற்றாகிவிடுகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலை சிறந்த மணம் பெறுவது அதனாலேயே. பின்னர், வாடை என்னும் வடகீழ்க் காற்று வீசும் காலத்தில், நிலைமை தலைகீழாகின்றது. தை, மாசி மாதங்களில் திம்புளைத் தேயிலையும் நுவரெலியாத் தேயிலையும் சிறப்படைகின்றன.

மலைக்குக் கூறிய இவ்விதியே கடலுக்கும் பொருந்தும். ஊவாத் தேயிலை மணக்கும் காலத்தில் திருகோணமலைக் கடல் அமைதியுற்றிருக்கும். காலியிலும் மிரிசையிலும் அலை கொந்தளிக்கும். திம்புளைத் தேயிலை மணக்கும் காலத்தில் தென்கரை அமைதியுறும், கீழ்க்கரை கொந்தளிக்கும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்கு நிலாவெளியும், டிசம்பர் விடுமுறைக்குத் தென்கரையும் ஏற்றவை. சித்திரை மாதம் இரு பருவங்களுக்கும் இடைப்பட்டது. அப்போது பிற்பகலில் இடிமழை எழுமாதலால் காலையிலேயே சென்று திரும்புதல் வேண்டும். கார்த்திகை மாதமோ வங்கக்கடலில் புயல் பிறக்கும் காலம். 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கீழ்க்கரை மக்கள் இன்றும் மறக்கவில்லை.

பேரரசுகளும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டே நடந்தன. சோழமண்டலக் கரையில் வாடைக்காற்றுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. அதனாலேயே நாற்புறமும் நிலம் சூழ்ந்த திருகோணமலை உட்குடாவுக்காக ஐரோப்பியர் பலமுறை போரிட்டனர். சோழகத்தின் அலை நேரே மோதும் கொழும்பிலோ, கப்பல்கள் ஒதுங்குவதற்கு அலைதடுப்புச் சுவரையே கட்ட வேண்டியதாயிற்று. அதற்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

மேற்கிந்தியத் தீவுகளில் படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகத் தங்கிச் செல்வது ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளது. கடலோட்டத்தில் பயிற்சியுடையோர் படகைத் தாமே செலுத்துவர். ஏனையோர் தண்டையலோடு அமர்த்துவர். அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகின்றது. ஆதலின் ஒவ்வொரு தீவின் மேற்குப்புறமும் மறைவிடமாகின்றது; இரவு தங்கும் துறைகள் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே உள்ளன. ஆயின் யூன் முதல் நவம்பர் வரை அங்குச் சூறாவளிக் காலம். 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் வீசிய இர்மா என்னும் சூறாவளி, பிரித்தானியக் கன்னித் தீவுகளில் கட்டப்பட்டிருந்த வாடகைப் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிட்டது. நல்ல துறையும் தீய காலத்தில் துணை செய்யாது என்பதற்கு அதுவே சான்று.

படகை அமர்த்துவோர் முதலிற் பார்க்க வேண்டுவது அதன் வண்ணத்தை அன்று. ஏறுவோர் எத்தனை பேரோ அத்தனை உயிர்காப்பு அங்கிகள் உண்டா, குழந்தைகளுக்கு அளவான அங்கி உண்டா, போய் வருவதற்கு வேண்டிய எரிபொருளுக்கு மேலும் இருப்பு உண்டா, நங்கூரமும் கயிறும் உறுதியானவையா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். கூலி, நேரம், திரும்பும் இடம் ஆகியவற்றைக் கரையிலேயே பேசி முடித்தல் நன்று. வானிலை நிலையத்தின் எச்சரிக்கையைக் கேட்டபின், அக்கரையிலே பிறந்து வளர்ந்த மீனவரையும் ஒரு வார்த்தை கேட்டல் வேண்டும். அவர் “இன்றைக்கு வேண்டாம் ஐயா” என்று தமது கூலியை இழந்து சொல்வாராயின், அச்சொல்லுக்கு மேல் ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

நங்கூரம் இடும் இடம் மணலாக இருத்தல் வேண்டும். உச்சி வெயிலில் நீரை நோக்கினால் மணலுள்ள இடம் வெளிர்பச்சையாகவும், முருகைக்கல் உள்ள இடம் பழுப்பாகவும், ஆழமான இடம் கருநீலமாகவும் தோன்றும். முருகைக்கல்லில் நங்கூரம் இடுவது இருவழியில் தீது. நங்கூரமும் சிக்கிக்கொள்ளும், பல ஆண்டுகள் வளர்ந்த உயிர்ப்பாறையும் ஒரு நொடியில் உடையும். 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலாவெளிப் புறாத்தீவுக்குச் செல்வோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். சங்கிலியாயின் ஆழத்தின் ஐந்து மடங்கும், கயிறாயின் ஏழு மடங்கும் நீட்டுதல் வழக்கம். படகின் அணியம் வரையுள்ள உயரத்தையும் ஆழத்தோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். நீர் நான்கு மீட்டர், அணியம் ஒரு மீட்டர் எனின், கயிறு முப்பத்தைந்து மீட்டர். பின்னர் கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னே ஒரு பாறையையும் ஒரே நேர்கோட்டில் குறித்துக்கொண்டால், நங்கூரம் இழுபடுகின்றதா என்பதை அவை விலகுவதால் அறியலாம்.

காற்றும் ஆழமும் மட்டுமே துறையைத் தீர்மானிப்பன அல்ல. 1659ஆம் ஆண்டு நவம்பரில், மசூலிப்பட்டினத்துக் கரையில் புயலால் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. கடலைப் பொறுத்தவரை அது தக்க தேர்வே. ஆயினும், கரையிறங்கிய கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் சேர்த்துப் பதினாறு பேரை இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் 1660ஆம் ஆண்டில் சிறைப்பிடித்தனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலால் மாண்டார். மகன் கண்டி இராச்சியத்தின் மலைக் கிராமங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இலேயே தப்பிச் சென்றார்.

இன்று அக்குடாவில் அத்தகைய அச்சம் இல்லை. எனினும், இறங்கும் கரை யாருடையது, அங்குள்ளோர் வழக்கம் என்ன, வலை விரித்த இடம் எது என்று கேட்டறிந்து செல்வது விருந்தினரின் கடமை. தேயிலைக் கொழுந்தின் மணத்தைக் கொண்டு காற்றின் திசையை அறியும் மலையகத்தார், அதே அறிவைக் கடலுக்கும் கொண்டு செல்வாராயின், குழந்தைகளோடு படகேறிய குடும்பம் பொழுது சாயுமுன் குறைவின்றிக் கரை சேரும்.