நீரிலும் நிலத்திலும் நிலைபெறுதல்

முதுமைக்குப் பகை நோய் ஒன்றே அன்று. கால் இடறி விழுவதும் பெரும்பகையாகும். விழுவதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிர் துறக்கின்றனர் என 2021-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குரைத்தது. அவருள் முதியோரே மிகுதி.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மிற் பலர், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து மாடி வீட்டில் அமர்த்துகிறோம். வயல் வரப்பிலும் குளத்துப் படியிலும் நடந்து பழகிய கால்கள், இங்கே கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒடுங்கிவிடுகின்றன. அந்நடை தளராமற் காப்பது நம் கடமையன்றோ?

நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண்ணும், உட்செவியும், பாதமும் மூட்டும் அளிக்கும் உணர்வும் துணைபுரிகின்றன. இம்மூன்றும் அறிவிப்பவற்றை மூளை ஒன்றுசேர்த்துத் தசைகளை ஏவுகிறது. முதுமையில் இவ்வாற்றல் மங்கினும், பயிற்சியால் சீர்பெறக்கூடும்.

அப்பயிற்சியை நீரிற் செய்வது நன்றா, நிலத்திற் செய்வது நன்றா? இடுப்பளவு நீரில் கால்கள் சுமப்பது உடல் எடையில் ஏறத்தாழப் பாதியே. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கே. ஆகையால் மூட்டுவலியால் வருந்துவோருக்கு நீர் இதமளிக்கிறது. உடல் சாய்ந்தாலும் நீர் தடுத்து மெல்லச் சாய்ப்பதால், நிலைக்கு மீள அவகாசம் கிடைக்கிறது. விழுவோமோ என்னும் அச்சத்தால் நடப்பதையே விட்டவர்கள், அங்கே துணிந்து காலெடுத்து வைக்கலாம்.

எனினும், நாம் விழுவது நிலத்தின்மேல் அல்லவா? முழு எடையையும் தாங்கியவாறு, இடறிய கணமே அடுத்த அடியை ஊன்றி மீளும் திறத்தை நிலமே கற்பிக்கும். உடற்பயிற்சி, வீட்டில் வாழும் முதியோர் விழும் தடவைகளை நூற்றுக்கு 23 பங்கு குறைப்பதாக 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. சமநிலையைச் சோதிக்கும் நிலப்பயிற்சிகள் அதில் முதன்மை பெற்றன.

ஆகவே, அஞ்சுவோரும் வலியுடையோரும் நீரில் தொடங்கலாம். ஆனால் நிலத்திற்கு வந்தே நிறைவு பெறவேண்டும். குளம் வாய்க்காதவர்கள் அதற்காகக் காத்திருத்தல் வேண்டா. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சமையல் மேடையைப் பற்றி ஒற்றைக்காலில் நிற்றல், சுவரோரமாக அடிமேல் அடிவைத்து நடத்தல் ஆகியவை பொருட்செலவின்றி வீட்டிலேயே இயல்வன. தலைசுற்றல் உடையோரும் முன்பே விழுந்தோரும் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்வார்களாக.

பயிற்சியின்போது அருகே ஒருவர் நிற்றல் இன்றியமையாதது. நாள்தோறும் கால்மணி நேரம் அவ்வாறு நிற்க நமக்கு இயலாதா என்ன?