வெல்லப் பொங்கலின் ஊட்டம்



தைப்பொங்கல் தமிழரின் அறுவடைத் திருநாள் என்பதை அறியாதார் இலர். அன்று புதுப்பானையில் பொங்கி வழியும் இனிப்புப் பொங்கலின் சுவையையும் அறியாதார் இலர். ஆனால், அப் பானைக்குள் அடங்கிய ஊட்டம் எத்தகையது என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. எண்ணிப் பாராமையால்தான், பானைக்குள் போகும் பொருள்கள் ஒவ்வொன்றாய் மாறியும் மறைந்தும் வருகின்றன. ஆகவே, அவ் வூட்டமே இன்றைய உரையின் பொருளாகும்.

முதலில் பருப்பைக் காண்போர் பொங்கலின் உட்பொருளைக் கண்டவராவர். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் புரதம் 7 முதல் 8 கிராம் வரையே உண்டு. தோல் நீக்கிய பாசிப்பருப்பிலோ ஏறத்தாழ 24 கிராம் உண்டு. அரிசி மூன்று பங்கும் பருப்பு ஒரு பங்குமாக இட்டால், எடையில் காற்பங்கே உள்ள பருப்பு, பொங்கலின் புரதத்தில் ஏறத்தாழ அரைப்பங்கைத் தந்துவிடுகின்றது!

அளவு மட்டுமன்று, தன்மையும் உயர்கின்றது. உடலை வளர்க்கும் புரதக் கூறுகளுள் ஒன்று இலைசின். அஃது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்னும் மற்றொரு கூறோ பருப்பில் குறைவு. அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இக் கூறுகளுக்கு அறிவியலார் பெயரிடுமுன்பே, தமிழ்ப் பெண்டிர் இரண்டையும் ஒரே பானையில் இட்டுப் பொங்கினர்.

அடுத்தது அரிசி. 1890களில் சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்ததையும், தீட்டாத அரிசியைத் தின்றபின் நலம் பெற்றதையும் கண்டார். தவிட்டோடு நீங்கிய தயமின் என்னும் உயிரூட்டமே அந் நோய்க்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வளவு தெளிந்த பின்னும், வெள்ளை வெளேரென்ற அரிசியே உயர்ந்தது என்னும் மயக்கம் தீர்ந்தபாடில்லை!

கைக்குத்தல் அரிசியிலோ தினையிலோ பொங்கலிட்டால் இக் குறை பெரிதும் நீங்கும். தினையில் புரதம் ஏறத்தாழ 12 கிராம். நாரும் இரும்பும் தீட்டிய அரிசியினும் மிகுதி. குறிஞ்சி நிலத்தார் உண்டு வளர்ந்த அத் தினையையும் அதன் இனக் கூலங்களையும் உலகுக்கு நினைவூட்ட, ஒன்றிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டையே சிறுகூல ஆண்டாக அறிவித்தது. சொந்தப் புன்செயில் விளைந்ததன் பெருமையை அயலார் சொல்லிக் கேட்பதோ தமிழர்க்கு அழகு?

இனி வெல்லம். இதில் நடுநிலை வேண்டும். தூய்மை செய்து வெளுத்த சருக்கரையில் இனிப்பன்றி வேறொன்றுமில்லை. வெல்லத்தில் இரும்பும் பிற கனிமங்களும் சிறிதளவு உண்டு. ஆயினும், வெல்லத்தின் பெரும்பகுதியும் இனிப்பே. நீரிழிவு நோயர்க்கு அது மருந்தன்று. பருப்பைக் கூட்டி, வெல்லத்தைக் குறைத்து, நெய்யை அளவோடு இடுவதே அறிவுடைமை.

இவையெல்லாம் ஒருநாள் விருந்தைப் பற்றிய பேச்சென்று யாரும் ஒதுக்க வேண்டா. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர். ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் நிலையும் அதுவே. பொங்கல் ஒன்றே இதைத் தீர்த்துவிடாது. ஆனால், கூலத்தோடு பருப்பைச் சேர்க்கும் முறை நாள்தோறும் அடுப்பேறினால், தளர்ந்த உடல்கள் தேறுதற்கு அது துணையாகும். உடன் ஒரு நெல்லிக்கனி உண்டால், உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது எளிதாகும். உண்டவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும்.

ஈண்டு அரசுக்கும் ஒரு சொல் உண்டு. 2022இல் வழங்கிய பொங்கல் பரிசுத் தொகுப்பில் வெல்லமும் பாசிப்பருப்பும் இடம்பெற்றன. 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் தொகுப்பிலோ உணவுப்பொருள்களாகப் பச்சரிசியும் வெள்ளைச் சருக்கரையும் கரும்புமே இருந்தன. பருப்பும் போயிற்று, வெல்லமும் போயிற்று, பொங்கல் என்னும் பெயர் மட்டும் நின்றது! நல்ல வெல்லமும் பருப்பும் ஒரு படித் தினையும் தொகுப்பில் இடம்பெற்றால், உண்பவர்க்கு ஊட்டமும் உழவர்க்கு விலையும் ஒருங்கே கிட்டும். மக்கள் வாய்திறந்து கேளாதவரை அது நடவாது.

அதுவரை காத்திராமல், வரும் தையில் ஒவ்வொரு வீட்டாரும் பானையில் ஒரு பிடி பருப்பைக் கூட்டி இடுக! தீட்டிய அரிசியை நீக்கித் தினையை ஏற்றுக! பொங்குக பொங்கல்! வளர்க உடல்நலம்!