யாரும் பார்த்து எழுதாத வாத்து
(நம் குடியிருப்பின் மாலைக் கூட்டத்தில் பேசியது)



ஹவாய் தீவுகளின் பறவைப் பட்டியல் முடிந்துவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1778-ல் கேப்டன் குக் போன பிறகு வந்தவர்கள் கண்டு எழுதியதே அந்தப் பட்டியல். 1970-களின் தொடக்கத்தில், மொலகாய் தீவில் வசித்த ஜோன் ஐடெம் என்ற பெண்மணி கடற்கரை மணல்மேட்டில் எலும்புகளைக் கவனித்து எடுத்தார். அவர் விட்டிருந்தால் காற்றும் வெயிலும் பொடியாக்கியிருக்கும். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஸ்டோர்ஸ் ஓல்சனும் அலெக்சாண்டர் வெட்மோரும் 1976-ல் அதைப் புதிய பறவையாக அறிவித்தார்கள்.

எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். சைவ நண்பர்கள் மன்னிக்கவும்: கோழிக் குழம்பில் நெஞ்செலும்பை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தகடு எழும்பி நிற்கும். இறக்கையை அடிக்கும் தசை ஒட்டியிருப்பது அதில்தான். இந்தப் பறவை வகைக்கு அந்தத் தகடு இல்லை, இறக்கை எலும்பு சூம்பியிருக்கிறது, கால் எலும்போ தடிமன். அப்படியென்றால் பறக்கவில்லை, நடந்தே மேய்ந்திருக்கிறது.

சரி, யாருடைய உறவு? உருவம் கூஸ் அளவு. (தமிழில் இரண்டையுமே வாத்து என்கிறோம், அதனால் பெரியதை கூஸ் என்றே சொல்கிறேன்.) ஆண் வாத்துகளுக்கு மூச்சுக்குழல் கிளை பிரியும் இடத்தில் எலும்பாலான ஒரு குமிழ் உண்டு. கூஸுக்குக் கிடையாது. புதைந்த எலும்புகளுக்கு நடுவே அந்தச் சின்னக் குமிழும் கிடைத்தது! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1999-ல் எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வும் வாத்து என்றே சொன்னது. நம் ஏரிகளில் மிதக்கும் புள்ளிமூக்கு வாத்தின் வகையறா.

1982-ல் ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும் கணக்குச் சொன்னபோது, இப்படி எலும்பாக மட்டுமே தெரிந்த நிலப்பறவைகள் குறைந்தது 39. அதாவது, பழைய பட்டியல் பாதிகூட இல்லை. பெரும்பாலானவை, முதலில் குடியேறிய மனிதர்களும் அவர்களோடு வந்த எலிகளும் பரவி, காடும் குறைந்த காலத்தில் அழிந்தவை.

இதனால் இன்று யாருக்கு என்ன? ஹவாயில் சில செடிகள் இளசாக இருக்கும்போது முள்ளோடு வளர்கின்றன, உயர்ந்த பிறகு முள் குறைந்துவிடுகிறது. ஆடுமாடே இல்லாதிருந்த தீவில் யாருக்குப் பயந்து முள்? அந்த நடக்கும் வாத்துகளுக்குத்தான் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். வாத்து போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. செடி இன்னும் முள் விட்டுக்கொண்டிருக்கிறது.